மாதா கோயில் கிணற்றுச் சண்டை

நீங்கள் என்னிடம் கேட்டது ஓர் அட்டவணை. முதுமாணிப் பட்டம் முடித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு அதற்குமேல் படிக்க என்னென்ன வழி இருக்கிறது, எந்த வழிக்கு என்ன தகைமை வேண்டும், எவ்வளவு காலம் பிடிக்கும் என்று நிரை நிரையாக எழுதித் தாருங்கள் மிஸ், சுவரில் ஒட்டிவிடுகிறோம் என்றீர்கள். தரமாட்டேன். அந்த அட்டவணை எல்லாப் பல்கலைக்கழகங்களின் இணையத்தளத்திலும் கிடக்கிறது. அதை வாசிக்கத் தெரியாமல் ஒருவரும் முதுமாணி முடித்திருக்க மாட்டார்கள். வாசித்த பிறகும் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறி உங்களிடம் ஏன் வருகிறார்கள் என்று விளங்கிக்கொள்வதுதான் உங்கள் வேலை. அதைப் பற்றி எழுதச் சொன்னால் எழுதுகிறேன்.

நீங்கள் இப்போது இருக்கிற அதே அறையில்தான் நான் ஓய்வு பெறும்வரை பட்டப்பின் படிப்புக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டு இருந்தேன். யன்னலுக்கு வெளியே உள்துறைமுகம் தெரியும். வருகிறவர்கள் முதலில் நிற்கிற கப்பலைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு மெல்லக் கேட்பார்கள்: "மாஸ்டர்ஸ் முடிஞ்சுது மிஸ். இனி என்ன?"

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். ஒரு வங்கி உத்தியோகத்தர் வந்தார். கையில் ஏற்கெனவே இரண்டு முதுமாணி. மூன்றாவது ஒன்றுக்கு எங்கே பதியலாம் என்று கேட்டார்.

"எதுக்குத் தம்பி மூண்டாவது?"

"இன்னுமொண்டு இருந்தா நல்லம்தானே மிஸ்."

"எதுக்கு நல்லம்?"

கப்பலை ஒருமுறை பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "சும்மா இருந்தா வீட்டில கலியாணம் பேசத் தொடங்கீடுவினம் மிஸ்."

"அதுக்குப் பட்டம் தேவையில்ல தம்பி. வாயைத் திறந்து இப்ப வேண்டாம் எண்டு சொன்னாக் காணும்" என்றேன். அவர் மூன்றாவது முதுமாணிக்குப் பதியவில்லை. அடுத்த வருடமே கலியாணக் கடிதத்தோடு வந்து நின்றார், அது வேறு கதை.

இன்னொரு வகையினர் நேரே பிஎச்.டி. என்கிற கலாநிதிப் பட்டத்துக்குப் போக வருவார்கள். பார்த்தால் அவர்களுடைய முதுமாணி வகுப்பும் பரீட்சையும் மட்டும்தான், ஆய்வு என்று ஒன்று செய்திருக்க மாட்டார்கள். முதலில் எம்.பில். பதிந்து, ஒரு வருடம் ஆய்வு செய்து காட்டி, அதைக் கலாநிதிப் படிப்பாக உயர்த்திக்கொள்ளலாம் என்று சொல்லவேண்டும். சொல்லும்போது கணினியைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு வருடம் சனி, ஞாயிறு பார்க்காமல் படித்துவிட்டு வந்த ஆளிடம், நீ இன்னும் வாசலில்தான் நிற்கிறாய் என்று சொல்கிறீர்கள். நாக்கில் தேன் தடவ வேண்டாம், நெருப்பை அள்ளிக் கொட்டாமல் இருந்தால் சரி.

இதெல்லாம் சின்ன விஷயம். நான் உங்களுக்குச் சொல்ல வந்தது ஜெசிந்தாவின் கதை. என் வேலைக்காலத்தில் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடிய கதை அதுதான். சொல்லக் கூச்சமும் இல்லை.

ஜெசிந்தா உப்புவெளிப் பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போகிறவர். தாய் கடற்கரையோரத்து விருந்தினர் விடுதி ஒன்றின் குசினியில் சமையல். வீட்டில் முடிவு எடுக்கிறது தாய்தான். தகப்பனிடம் எதைக் கேட்டாலும் "கொம்மாவைக் கேள்" என்று வலையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாராம்.

ஜெசிந்தா முதுமாணிக்கு எடுத்த ஆய்வு, தன் ஊர்க் கிணறுகள் ஏன் உவர்க்கின்றன என்பது. "ஊரின்ர பேரிலயே உப்பு. அது எங்கயிருந்து வருது எண்டு படிக்கிறதுக்கும் ஒரு பட்டமோ?" என்று தாய் கேட்டாராம். அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அவள் என்னிடம் வந்தபோது பெருந்தொற்றுக்குப் பிறகு எல்லோரும் வீடியோவில் கதைக்கப் பழகியிருந்த காலம். அவளுக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. எங்கள் வளாகத்திலேயே எம்.பில். பதிந்து தற்காலிக உதவி விரிவுரையாளராக இருப்பது ஒன்று. அந்த வேலையை வருடாவருடம் புதுப்பிக்கவேண்டும், புதுப்பிப்பார்களோ என்று வருடாவருடம் பயப்படவும் வேண்டும். இரண்டாவது, ஐரோப்பாவில் ஒரு குளிர்நாட்டுப் பல்கலைக்கழகம் கரையோர நிலத்தடி நீரைப் பற்றி ஆராய ஒரு கலாநிதி மாணவரைத் தேடிக்கொண்டிருந்தது. புலமைப்பரிசில், தங்குமிடம் எல்லாம் அவர்களே தருவார்கள். மூன்றாவது வழி தேடாமலே வந்தது. கப்பல்துறைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஆசிரிய நியமனம். அதில் சேர்ந்தால் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைச் செய்துகொண்டு நிரந்தரமாக இருந்துவிடலாம்.

தாய்க்கு மூன்றாவது வழிதான் வழி, மற்றது இரண்டும் கற்பனை. "அரசாங்க வேலை மிஸ். வீட்டை வந்து கதவைத் தட்டுது. திறக்காமல் இருக்க ஏலுமோ?" என்று என்னிடம் நேரிலேயே கேட்டார். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை பாடசாலையில் போய்க் கையொப்பம் வைக்காவிட்டால் நியமனம் போய்விடும்.

குளிர்நாட்டாரின் நேர்முகப் பரீட்சை அதே கிழமை திங்கட்கிழமை. உப்புவெளியில் இணையம் விட்டு விட்டு வரும் என்பதால் என் அறையிலேயே ஏற்பாடு செய்தேன். கமெராவில் படாத மூலையில் கதிரையைப் போட்டுக்கொண்டு நானும் இருந்தேன். அந்தப் பக்கம் மூன்று பேர். தலைமை தாங்கியவர் குட்டைத் தலைமுடியோடு ஒரு பெண், நல்ல சிரித்த முகம்.

முதல் பத்து நிமிடமும் நன்றாகத்தான் போனது. பிறகு அந்தப் பெண் கேட்டார், உங்கள் ஆய்வின் முக்கியமான முடிவு எப்படி உங்களுக்குத் தோன்றியது என்று. ஜெசிந்தா சொன்னாள், "எல்லாம் என் பேராசிரியரின் வழிகாட்டல்." அதில் உங்கள் சொந்த யோசனை எது என்று அவர் இன்னொரு விதமாகக் கேட்டார். "பேராசிரியர் சொல்லித் தந்தபடிதான் செய்தேன்." மூன்றாவது தடவை, உங்கள் பேராசிரியரோடு நீங்கள் உடன்படாத இடம் ஏதாவது உண்டா என்று கேட்டார். பிள்ளை பதறிப்போய், "அப்படி ஒன்றும் இல்லை, ஒருநாளும் இல்லை" என்றாள். அந்தப் பக்கம் மூன்று பேரும் ஆளை ஆள் பார்த்தார்கள். நேரம் மீதி இருக்கும்போதே நன்றி சொல்லி முடித்தார்கள்.

கதை கெட்டுப்போனது என்று எனக்கு விளங்கிவிட்டது. ஜெசிந்தாவோ, மரியாதையாகக் கதைத்துவிட்டேன் என்று திருப்தியாக இருந்தாள்.

"பிள்ளை, உம்மட ஆய்வின்ர முடிவு என்ன? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லும் பாப்பம்."

சொன்னாள். உப்புவெளிக்கு முன்னால் கடல், பின்னால் களப்பு, அதாவது கடல்நீர் வந்து தேங்குகிற காயல். கிணறு உவர்த்தால் எல்லோரும் கடலைத்தான் குற்றம் சொல்வார்கள். ஹோட்டல்காரர் தண்ணீரை இறைக்க இறைக்கக் கடல் உள்ளே வருகிறது என்று பேராசிரியரும் வருஷக்கணக்காக வகுப்பில் படிப்பித்து வந்தார். இவள் கிணறு கிணறாக அளந்து பார்த்தாள். கடற்கரைப் பக்கத்துக் கிணறுகள் பல நல்ல தண்ணீர். களப்புப் பக்கத்துக் கிணறுகள்தான் உவர். கோடையில் களப்பின் வாயை மண் அடைத்துவிடும், தண்ணீர் வற்ற வற்ற உப்பு இறுகும், அது நிலத்துக்குள்ளால் ஊருக்குள் வருகிறது. உப்பு முன்வாசலால் வரவில்லை, பின்வாசலால் வருகிறது.

"இது ஆரின்ர யோசனை?"

"என்ர யோசனைதான் மிஸ்."

"பேராசிரியர் சேர் என்ன சொன்னவர்?"

தலையைக் குனிந்துகொண்டாள். "சேர் ஒரு மாசம் என்னோட கதைக்கேல்லை. பிறகு கூப்பிட்டு, கோடை முழுக்கத் திரும்ப அள எண்டு சொன்னவர். அளந்தனான். அப்பவும் அதேதான் வந்தது. வாசிச்சிட்டு 'ம்' எண்டு சொல்லிக் கையொப்பம் வச்சவர். அவ்வளவுதான் மிஸ்."

"சரி எண்டு சொல்லேல்லையோ?"

"இல்ல. பிழை எண்டும் சொல்லேல்லை."

"அப்ப இஞ்ச ஏன் பிள்ளை எல்லாம் சேரின்ர எண்டு சொன்னனீர்?"

"சேர் இல்லாட்டி நான் எங்க மிஸ்? என்னெண்டு நான் என்ர எண்டு சொல்லுறது? சேர் கேட்டா என்ன நினைப்பார்?"

"சேர் அங்க இருக்கேல்லையே!"

"இல்லாட்டிலும் மிஸ்..."

இதை நீங்கள் சிரிக்காமல் வாசியுங்கள். நீங்களும் இப்படித்தான், நானும் இப்படித்தான். சேர் வந்தால் கதிரையை விட்டு எழும்புவோம். ஆய்வேட்டின் முதல் பக்கம் சேருக்கு. நாம் தனியே வெயிலில் நின்று கண்டுபிடித்ததையும் "சேரின் வழிகாட்டலில்" என்றுதான் எழுதுவோம். நம்மிடையே அதை யாரும் பொய்யாக எடுப்பதில்லை, அது மரியாதை என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். அந்த மூன்று பேருக்கு எப்படித் தெரியும்? அவர்கள் தேடியது தனியே யோசிக்கிற ஆளை. பிள்ளை தன் வாயாலேயே நான் அந்த ஆள் இல்லை என்று மூன்று தரம் சொல்லிவிட்டாள்.

அடுத்த நாள் அவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்களுக்கு இன்னும் தெளிவில்லை, வியாழக்கிழமை உங்கள் மேற்பார்வையாளரோடு கொஞ்சம் கதைக்க விரும்புகிறோம், நீங்களும் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று எழுதியிருந்தார்கள். கதவை முழுதாகச் சாத்தவில்லை. ஆனால் திறக்கிற திறப்பு இப்போது பேராசிரியரின் கையில்.

"சேரிட்ட நான் போய்க் கதைக்கிறன்" என்றேன்.

ஜெசிந்தா கையைப் பிடித்துவிட்டாள். "ஐயோ மிஸ், வேண்டாம். தான் சொன்னது பிழை எண்டு சொல்லச் சொல்லி அவரிட்ட என்னெண்டு கேக்கிறது? அவர் மனம் நோகும். எனக்கு இது கிடைக்காட்டிலும் பரவாயில்ல."

இங்கேதான் நான் யோசித்தேன். உங்கள் முன்னால் இருக்கிற பிள்ளை வேண்டாம் என்றால், அது வேண்டாமா, பயமா என்று பிரித்தெடுப்பது உங்கள் வேலை. அவசரப்பட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நான் கேட்டேன், "பிள்ளை, பொய் சொல்லச் சொல்லிக் கேக்கப் போறேல்லை. நடந்ததைச் சொல்லச் சொல்லித்தான் கேக்கப் போறன். அதுகும் வேண்டாமோ?" பிடித்திருந்த கையை விட்டாள். "நடந்ததைத்தானே மிஸ்? அப்ப சரி" என்றாள். அந்தச் சொல் வந்த பிறகுதான் நான் செருப்பை மாட்டினேன்.

பேராசிரியரின் வீடும் ஓர்ஸ் ஹில்தான், எங்கள் அலுவலகத்துக்குப் பின் ஒழுங்கை. பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் இதை வாசித்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்து ஏசுவார். கோபம் மூக்கு நுனியில் நிற்கிற மனிதர். அவருடைய வகுப்பில் பிந்தி வருகிறவன் கதவுக்கு வெளியே நின்றுதான் குறிப்பு எடுக்கவேண்டும். நான் போனபோது சாரத்தோடு குரோட்டன் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னேன்.

தண்ணீர்க் குழாயைப் பூட்டினார். "அப்ப, நான் பிழை எண்டு நானே போய் வெள்ளைக்காரருக்குச் சொல்லோணும். அதுதானே கதை?"

"நீங்கள் பிழை எண்டு இல்ல சேர். அவ சரி எண்டு."

"ரெண்டும் ஒண்டுதானே?"

எனக்குப் பூசி மெழுகத் தெரியும், இந்த வேலையில் அது ஓரளவு வேண்டும். ஆனால் அந்த மனிதரின் முன்னால் மெழுகினால் அவர் மதிக்கமாட்டார். "ஓம் சேர். ரெண்டும் ஒண்டுதான்" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். "எத்தினை மணிக்கு?"

"வியாழன் ரெண்டு மணிக்குச் சேர்."

"வருவன். என்ன சொல்லப்போறன் எண்டு கேக்க வேண்டாம். நீங்கள் எனக்குச் சொல்லித்தரவும் வேண்டாம்."

நான் கேட்கவும் இல்லை, சொல்லிக்கொடுக்கவும் இல்லை. உண்மை வேண்டும் என்று ஒருவரிடம் போய்விட்டு, அவர் பேசவேண்டியதை நீங்களே எழுதிக் கொடுக்கக் கூடாது. ஆனால் புதன்கிழமை முழுக்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வியாழக்கிழமை முதலில் வந்தது ஜெசிந்தாவின் தாய். விடுதியில் அரைநாள் லீவு எடுத்து, மறுநாள் பாடசாலைக்கு மகள் உடுத்துப் போக ஒரு பச்சைச் சேலை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். "இந்த வெளிநாட்டுக் கதை எப்ப முடியும் மிஸ்? சட்டை தைக்கக் குடுக்கோணும்" என்று கேட்டுக்கொண்டே வாசல் பக்கத்துக் கதிரையில் சேலைப் பார்சலை மடியில் வைத்து இருந்தார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. பிறகு ஜெசிந்தா, கடைசியாகப் பேராசிரியர் வந்தார். நீட்டுக் கைச் சட்டை, கழுத்துப்பட்டி, மடிப்புக் குலையாத காற்சட்டை, சப்பாத்துக்கூடப் பொலிஷ். வீடியோவில் சப்பாத்து தெரியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தாய் எழும்பி நின்றார்.

திரையில் அந்த மூன்று பேரும் வந்தார்கள். பேராசிரியர் தொடங்கினார். தான் எங்கே படித்தார், எங்கே படிப்பித்தார், எந்தெந்த மாநாட்டில் பேசினார், எத்தனை மாணவரை உருவாக்கினார் என்று ஒரு மழை. நான் மூலையில் இருந்து, முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஜெசிந்தாவின் ஆய்வைப் பற்றி நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றார்.

"அவளே சொல்லட்டும்" என்று பேராசிரியர் பக்கத்துக் கதிரையைக் காட்டினார்.

ஜெசிந்தா நுனியில் இருந்துகொண்டு தொடங்கினாள். "பேராசிரியரின் வழிகாட்டலில், உப்பு களப்புப் பக்கத்தில் இருந்து வருகிறது என்று..."

அவ்வளவுதான். மனிதருக்கு ஏறிவிட்டது. ஆங்கிலம் எங்கேயோ பறந்தது.

"என்ன வழிகாட்டல்? நான் வழிகாட்டினது கடல் பக்கம்! நீர் போனது களப்புப் பக்கம்! ஒரு மாசம் உம்மோட நான் கதைக்கேல்லை, அதையும் சேத்துச் சொல்லும்!"

வாசலில் தாய் "மாதாவே" என்றார்.

"சேர், நான்..."

"இப்பவும் கேக்கிறன், மாதா கோயில் கிணறு கடற்கரையில கிடக்குது. அது உப்பு. நான் என்ர கையால அளந்தனான். உம்மட களப்புக் கதை அதுக்கு என்ன சொல்லுது?"

ஜெசிந்தாவின் முகத்தில் ஏதோ மாறியது. அதை நான் பார்த்தேன். நுனியில் இருந்தவள் கதிரையில் நன்றாகப் பின்னுக்கு இருந்தாள்.

"அது உப்பு இல்ல சேர்."

"நான் அளந்தனான் எண்டு சொல்லுறன்!"

"எப்ப சேர் அளந்தனீங்கள்?"

"சுனாமிக்கு அடுத்த வருசம்."

"அதுதான் சேர்! அப்ப கடல் ஏறின கிணறு எல்லாம் உப்புத்தான். பிறகு எத்தினை மாரி பெய்து கழுவீட்டுது. நீங்கள் அதுக்குப் பிறகு அந்தக் கிணத்தடிக்குப் போகேல்லை. நான் போனனான், ஒவ்வொரு மாசமும் போனனான். நீங்கள் சுனாமியை அளந்துபோட்டுக் கடலைக் குற்றம் சொல்லுறீங்கள்!"

"அப்ப ஹோட்டல்காரர் இறைக்கிறது?"

"அது வேற பிரச்சினை சேர். அதை இதுக்குள்ள கொண்டுவராதேங்கோ."

"கொண்டுவராதேங்கோவோ? எனக்கோ சொல்லுறீர்?"

"ஓம் சேர், உங்களுக்குத்தான் சொல்லுறன்!"

இரண்டு பேரும் திரையை மறந்துவிட்டார்கள். மேசையில் விரலால் கடல், களப்பு, கிணறு என்று கோடு போட்டுப் போட்டுச் சண்டை. அவர் ஒரு கேள்வி போட, இவள் வெட்ட, அவர் வேறு பக்கத்தால் வர, இவள் அங்கேயும் போய் நிற்க, எனக்கு எழும்பிக் கைதட்டவேண்டும்போல இருந்தது. திரையில் அந்த மூன்று பேரும் ஒரு சொல்லும் விளங்காமல், கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அதுவரை ஒன்றும் விளங்காமல் இருந்த தாய்க்கு இப்போது எல்லாம் விளங்கியது. சேலைப் பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாயைப் பொத்தியிருந்தார்.

கடைசியில் பேராசிரியர் கோடு போட்ட விரலை மேசையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சொன்னார், "ஓம். சுனாமியை நான் யோசிக்கேல்லை. நீர் சொல்லுறதுதான் சரி."

அப்போதுதான் திரையில் இருந்த பெண் மெல்லிய குரலில், இதை யாராவது எங்களுக்கு மொழிபெயர்ப்பீர்களா என்று கேட்டார்.

பேராசிரியர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு ஆங்கிலத்துக்குத் திரும்பினார். "நான் பிழை என்று மறுபடியும் சொல்கிறாள். மறுபடியும் அவள் சரி. வருஷக்கணக்காக நான் வகுப்பில் படிப்பித்ததை இந்தப் பிள்ளை தனியே அளந்து மாற்றினாள். இதை அவள் உங்களிடம் ஒருநாளும் சொல்லமாட்டாள், எங்கள் பிள்ளைகள் சொல்லமாட்டார்கள். அதனால்தான் நான் சப்பாத்து மினுக்கிக்கொண்டு வந்தேன்."

அந்தப் பெண் சிரித்தார். நாங்கள் கேட்க நினைத்ததைப் பார்த்துவிட்டோம், முடிவை அறிவிக்கிறோம் என்று விடைபெற்றார்கள்.

திரை அணைந்ததும் தாய் ஓடி வந்தார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர். நாங்கள் இவளை இப்பிடி வளர்க்கேல்லை. பெரிய ஆக்களுக்கு முன்னால இப்பிடிக் கதைச்சவளே இல்ல. நான் மன்னிப்புக் கேக்கிறன் சேர்."

"மன்னிப்பு என்னத்துக்கு அம்மா? இவ இப்பிடிக் கதைக்கோணும் எண்டுதானே ரெண்டு வருசமாப் பாடுபட்டனான்" என்று சொல்லிவிட்டு அவர் படியில் இறங்கிப் போனார். மாதா கோயில் கிணற்றைப் பற்றி அவருக்கு உண்மையில் தெரியாதா, இல்லை பிள்ளையைக் கிளப்பத்தான் கேட்டாரா என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "உங்களுக்கு வேற வேலை இல்லையோ மிஸ்?" என்றார். இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஜெசிந்தா உருகிப்போய் நின்றாள். "சரி எண்டு சொல்லிப்போட்டார் மிஸ்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். பிறகு, "நாளைக்கு நான் பள்ளிக்கூடம் போகேல்லை" என்றாள்.

தாயின் முகம் விழுந்தது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளைகளே, அந்த இடத்தில் எனக்கும் தலைக்கு மேல் சந்தோஷம்தான். துணிந்து நில், உன் கனவு என்று பெரிய வசனம் பேச ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவர்களுடைய முடிவு இன்னும் வரவில்லை. அது வராமலே போனால் எனக்கு மாதம் முடியச் சம்பளம் வரும், அந்த வீட்டுக்கு என்ன வரும்? கையில் இருப்பதை விடச் சொல்லி ஒரு பிள்ளையிடம் சொல்லும் முன், அது உங்கள் கையில் இருப்பது இல்லை என்பதை நினையுங்கள்.

"நாளைக்குப் போய்க் கையொப்பம் வையும். நல்லாப் படிப்பியும். கடிதம் வந்தா விலகலாம், ஒருத்தரும் உம்மைக் கட்டி வைக்கேல்லை" என்றேன். மூஞ்சியை நீட்டினாள். தாய் பார்சலைப் பிரித்துச் சேலையைத் தோளில் வைத்துப் பார்த்தார்.

அந்தப் பச்சைச் சேலையோடு கப்பல்துறைக்குப் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். சில கிழமைக்குப் பிறகு ஒரு பகல் இடைவேளையில் பாடசாலையில் இருந்து தொலைபேசி. பின்னால் பிள்ளைகளின் கூச்சல். "மிஸ், கிடைச்சிட்டுது!" நான் கதிரையை விட்டு எழும்பி அறைக்குள்ளே தனியே நின்று சிரித்தேன்.

"அம்மாட்டச் சொன்னனீரோ?"

"பயமாயிருக்கு மிஸ்."

சொல்லியிருக்கிறாள். ஏனென்றால் மறுநாள் தாய் ஏற்றம் ஏறி என் அறைக்கு வந்தார். கப்பலைப் பார்க்கவில்லை, நேரே என்னைப் பார்த்தார்.

"மிஸ், ஒண்டு கேக்கிறன். அந்த நாட்டிலயும் சேர்மாரோட இப்பிடிச் சண்டை பிடிக்க விடுவினமோ?"

"விடுவினம் அம்மா. அதுக்குத்தான் கூப்பிடினம்."

வாசலில் இருந்து அந்தச் சண்டையைக் கேட்ட அதே கதிரையில்தான் இருந்தார். "அண்டைக்கு அவர் சரி எண்டு சொன்னதைக் கேட்டனான் மிஸ். எவ்வளவு பெரிய மனிசன்! என்ர பிள்ளைக்குச் சரி எண்டு சொன்னவர்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "அப்ப போகட்டும்."

போனாள். பனியில் விழுந்து எழும்பினாள், அழுது தொலைபேசி எடுத்தாள், பிறகு அழாமல் எடுத்தாள். படித்து முடித்துக் கலாநிதியாக எங்கள் வளாகத்துக்கே விரிவுரையாளராகத் திரும்பி வந்தாள். அங்கேயே இருக்கச் சொல்லிக் கேட்டார்களாம். "உப்புவெளிக் கிணத்தை அங்கயிருந்து அளக்க ஏலாது மிஸ்" என்றாள். எனக்கு வேறு விருது எதுவும் கிடைக்கவில்லை, வேண்டவும் இல்லை.

போன மாதம் நகரத்தில் அவளுடைய பொது உரை. மண்டபம் நிறைந்த சனம். நானும் தாயும் இரண்டாவது வரிசை. தாய் அந்தப் பழைய பச்சைச் சேலையைத்தான் உடுத்திருந்தார். எங்களுக்கு முன்னால் பேராசிரியர், இப்போது கைத்தடியோடு. சப்பாத்து அதே மினுக்கம்.

உரை முடிந்து கேள்வி நேரம் வந்தது. ஒருவரும் எழும்பவில்லை. பேராசிரியர் கைத்தடியை ஊன்றி மெல்ல எழும்பினார்.

"எல்லாம் நல்லாத்தான் சொன்னீர். ஆனா மாதா கோயில் கிணறு இப்ப உவர்க்கத் தொடங்கீட்டுது எண்டு கேள்விப்பட்டனான். உம்மட களப்புக் கதை இனி நிக்குமோ?"

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். அத்தனை சனத்துக்கும் முன்னால், ஒரு கணமும் தயங்காமல், சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்கள் கேள்விப்பட்டது பிழை சேர். போன கிழமையும் நான் போய் அளந்தனான். நல்ல தண்ணி."

பேராசிரியர் திரும்பி இருக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். தாய் என் பக்கம் சாய்ந்து காதுக்குள் சொன்னார்.

"மிஸ், இந்த முறை நான் மன்னிப்புக் கேக்க மாட்டன்."